அரக்கு வைத்த விசை

இந்த அத்தியாயத்தில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. எழுதிய கை மேல் ஆணை, படிக்கிற கண் மேல் ஆணை, இடையில் அச்சுக்கோத்த புண்ணியவான் மேலும் ஆணை. அவர் பாவம், எதிலும் சம்பந்தப்படாதவர். ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும் எழுதிய கை முழங்கை வரை விளங்காமல் போகட்டும். கதை என்றால் கொஞ்சம் கூட்டிச் சொல்வது உலக வழக்கம். இதில் நடந்ததே அதிகமாக இருந்தபடியால் சில இடங்களில் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறது.

டயர் கடை மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்தில் இரண்டே நாற்காலிகள். ஒன்று வருகிறவருக்கு, இன்னொன்று உதவியாளன் லொடுக்குக்கு. முதலாளிக்கு நாற்காலி தேவைப்படவில்லை. ஒற்றைக் காலில் நின்றபடி யோசிக்கிற மனிதர் அவர். அதனால்தான் ஊர் அவருக்குக் கொக்கு என்று பெயர் வைத்தது. யோசனை முற்றினால் மற்றக் காலும் தரையை விட்டுக் கிளம்பிவிடும் என்று லொடுக்கு பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான். லொடுக்குக்கு நாற்பது வயது, வீட்டில் மனைவி, இரண்டு பெண்கள். மூன்று பேரும் பேசவிடாததால் பேச்சையெல்லாம் சேர்த்து வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுவருவான்.

அன்று காலை வருகிறவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் துண்டக்கா. நீச்சல் குளத்துக் கவுன்டரில் துண்டு கொடுத்து, பெட்டி ஒதுக்குகிற வேலை. குளத்துக்கு வருகிற பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவள் துண்டக்காதான். அவள் அழவில்லை. அழுதிருந்தால் லொடுக்கு ஒரு டீ வரவழைத்துச் சமாளித்திருப்பான். கையிலிருந்த கைக்குட்டையை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டே, அது தொழில் பழக்கம், நடந்ததைச் சொன்னாள்.

முந்தின நாள் மத்தியானம். குளத்தில் நல்ல கூட்டம். உடை மாற்றும் கூடத்தில் அறுபது இரும்புப் பெட்டிகள். உள்ளே அறுபது பேரின் சட்டை, பேன்ட், செருப்பு, மானம். துண்டக்கா கவுன்டரை விட்டு வந்து, தடுப்புக்குப் பின்னால் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அறுபது பெட்டியும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன.

திறந்துகொண்டன என்பது மரியாதைக்குச் சொல்வது. அந்தக் கதவுகளுக்கு ஸ்பிரிங் மாட்டியவன் மேனேஜரின் மருமகன். சின்ன ஸ்பிரிங் அகப்படாததால் லாரி சீட்டிலிருந்து கழற்றியதை மாட்டியிருந்தான். ஆகவே துணிமணிகள் வெளியே விழவில்லை, ஏவப்பட்டன. ஒரு கோட்டு மின்விசிறியின் இறக்கையில் கை நுழைத்துக்கொண்டு சுற்றியது. ஒரு ஜோடி ஷூ எதிர்ச்சுவரில் அடித்து, அங்கிருந்து இடது வலது என்று ஒழுங்காக நடந்து இறங்கியது. சத்தம் கேட்டு ஈரத்தோடு ஓடிவந்தவர்கள் கைக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அன்று பிற்பகல் ஒரு வக்கீல், கறுப்பு அங்கிக்குக் கீழே யாரோ ஒரு பயில்வானின் அரை டவுசரோடு வாதாடி, தோற்கவேண்டிய வழக்கில் ஜெயித்துவிட்டார். டவுசரைத் திருப்பித் தர மாட்டாராம், ராசியானதாம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆறாம் வகுப்புச் சீருடையில் வீடு போய்ச் சேர்ந்தார். வீட்டம்மா கதவைத் திறந்து, ஏற இறங்கப் பார்த்து, வீட்டுப்பாடம் எழுதியாச்சா என்று கேட்டிருக்கிறார்.

ஒன்றும் திருடு போகவில்லை. குளத்துக் கமிட்டிக்கு அதுதான் கூடுதல் கோபம். திருட்டு என்றால் போலீசிடம் தள்ளிவிடலாம். ஊர் சிரிப்பதற்கு யாரிடம் புகார் கொடுப்பது? சாயங்காலம் கமிட்டி கூடுகிறது. துண்டக்காவை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை மேனேஜர் டைப் அடித்துத் தயாராக வைத்திருக்கிறார். வேலை போனால் பம்ப் அறைக்கு மேலே அவளும் மகளும் குடியிருக்கிற அறையும் போய்விடும்.

“நான் தொறந்திருந்தா நானே ரூம் சாவியக் குடுத்துட்டு எறங்கிப் போயிருப்பேன்,” என்றாள் துண்டக்கா. “நான் தொறக்கலைங்க. மக அடுத்த வாரம் பரீட்சை எழுதணும். புத்தகத்த வெச்சுப் படிக்க ஒரு எடம் வேணுமில்ல.”

லொடுக்கு வாயைத் திறந்து, எதுவும் சொல்லாமல் மூடினான். அது வருடத்தில் ஒரு முறை நடப்பது.

கவுன்டரில் பூட்டு சாவி எதுவும் கிடையாது என்று அவள் விளக்கினாள். பழைய கணிப்பொறி ஒன்று இருக்கிறது. அதில் மருமகன் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் என்கிற சின்னக் கட்டளைத் தொகுப்பு ஒன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு மெனு. ஒரு விசைக்கு ஒரு வேலை. சின்ன வேலைகளுக்கு எண்கள். ஒன்றைத் தொட்டால் காலிப் பெட்டி ஒன்று திறக்கும், இரண்டைத் தொட்டால் மூடும். பெரிய வேலைகளுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகள். ஏ என்றால் எல்லாப் பெட்டியும் திறக்கும். பி என்றால் எல்லா ஷவரும் ஊற்றும். சி, விளக்குகள். டி, அபாயச் சங்கு. எதற்கும் என்டர் தட்ட வேண்டியதில்லை. விசையைத் தொட்ட மாத்திரத்தில் வேலை நடந்துவிடும்; ஈரக் கைக்காரர்களை எதற்கு இரண்டு தட்டுத் தட்ட வைப்பது என்பது மருமகனின் கருணை. மெனுவில் இல்லாத விசையைத் தொட்டால் கீக் என்று ஒரு சத்தம். வேறு தண்டனை இல்லை.

ஏ என்பது தீப்பிடித்தால் மட்டும் தொடவேண்டியது. அதை நினைத்தாலே மேனேஜருக்கு வியர்க்கும். ஆகவே ஒரு நாள் அந்த விசையின் தலையைப் பேனாக்கத்தியால் நெம்பி எடுத்து, தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார். விசை இருந்த குழியில் அரக்கை உருக்கி ஊற்றி, குளத்தின் முத்திரையையும் அதன் மேல் பதித்துவிட்டார்.

“முத்திரை ஒடஞ்சிருக்கா?” என்று கேட்டார் கொக்கு.

“இல்லைங்க. வெச்சது வெச்சபடி இருக்கு.”

“அப்புறம் உங்களை எப்படிச் சொல்றாரு?”

“கவுன்டர் என்னோடதாம். அங்க காத்தடிச்சாலும் என் பொறுப்பாம்.”

கொக்கு ஒரு காலைத் தூக்கினார். பெட்டிகள் திறந்தபோது காதில் என்னென்ன விழுந்தது, எந்த வரிசையில் விழுந்தது என்று கேட்டார். துண்டக்கா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள்.

“மொதல்ல கீக்கீக். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்துச்சு. ஒடனே படார். அந்த எரைச்சல் அடங்குறதுக்குள்ள தனியா இன்னொரு கீக்.”

“ஒட்டிக்கிட்டுன்னா?”

“ரெட்டை வாழைப்பழம் மாதிரிங்க.”

கொக்கு காலை இறக்கி, செருப்பை மாட்டினார். அப்படியென்றால் வழக்கை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

குளத்துக்குப் போகிற வழியெல்லாம் லொடுக்கு குற்றவாளிகளை ஒவ்வொருவராகப் பிடித்தான். முதலில் பேய். பேய்க்கு விரல் உண்டா என்று கொக்கு கேட்டதால் அதை விட்டுவிட்டான். அப்புறம் எலி. எலி ஷிப்டையும் சேர்த்து அமுக்குமா என்றார் கொக்கு. பெரிய எழுத்துக்கு ஷிப்ட் வேண்டுமே. புருஷன் பெண்டாட்டியாக இரண்டு எலி வந்திருக்கலாமே என்று லொடுக்கு வாதாடினான். ஒற்றுமையாக வேலை செய்திருந்தால் அவை புருஷன் பெண்டாட்டியாக இருக்க முடியாது என்று கொக்கு தீர்ப்பளித்தார். கல்யாணம் ஆகாதவர் இவ்வளவு விவரமாக இருக்கிறாரே என்று லொடுக்குக்கு ஆச்சரியம்.

மேனேஜர் நல்ல மனிதர். இந்த வழக்கின் சிக்கலே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் பாதி வேலை மிச்சம். அரக்கு முத்திரையைத் தானே கூட்டிப்போய்க் காட்டினார். விசைப்பலகையின் இடது ஓரத்தில், பல் விழுந்த வாயில் பாக்கை அடைத்தது போல, சிவப்பாக, கீறல் இல்லாமல் இருந்தது. அதை யாரும் தொடவில்லை என்பதற்குத் தலைமுடி அளவு சந்தேகமும் இல்லை.

நீங்கள் ஏ-வைத் தொட்டீர்களா என்று கொக்கு நேராகவே கேட்டார்.

“என் மாமியார் மேல சத்தியமாத் தொடல,” என்றார் மேனேஜர்.

லொடுக்கு கொக்கின் காதோரம் குனிந்தான். “மாமியார் மேலன்னா அது சத்தியமாண்ணே, வேண்டுதலாண்ணே?”

கொக்கு மேனேஜரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் பொய் இல்லை. பொய் குடியிருக்க வசதியான முகமும் அல்ல அது; இருபுறமும் ஜன்னல் வைத்தது போலத் திறந்து கிடந்தது. சாயங்காலம் கமிட்டிக்கு வாருங்கள், வந்து வேடிக்கை பாருங்கள், ஆனால் முடிவு முடிவுதான் என்று சொல்லிவிட்டு, சாவிக்கொத்தில் ஏ ஆட, அவர் தன் அறைக்குப் போனார்.

கொக்கு வேலையைத் தொடங்கினார். நேற்று துண்டக்கா நின்ற இடத்தில் போய் நின்று, காதை மட்டும் திறந்து வைக்கும்படி லொடுக்குக்கு உத்தரவு. தான் கவுன்டரில் ஒவ்வொரு விசையாகத் தொட்டுக்கொண்டு வருவார்; கீக்கீக் என்று ஒட்டிக்கொண்டு வந்தால் லொடுக்கு குரல் கொடுக்க வேண்டும்.

லொடுக்கு நின்றான். கீக் என்றது. சற்றுப் பொறுத்து இன்னொரு கீக். இன்னொன்று. எல்லாம் ஒற்றைப்பிள்ளைகள். கொக்கு இரண்டு விரலால் இரண்டு விசையை அடுத்தடுத்து வேகமாகத் தட்டியும் பார்த்தார். கீக், கீக் என்று நடுவில் ஓர் ஆள் நுழைகிற இடைவெளி விட்டுத்தான் வந்தது. பூமியில் எந்த விரலாலும் அந்த இரண்டை ஒட்டவைக்க முடியாது என்று லொடுக்குக்குத் தோன்றியது. சும்மா நிற்கப் பிடிக்காத கால், அவனைப் பக்கத்து ஷவர் அறைக்குள் கொண்டுபோனது. வரிசையாகப் பன்னிரண்டு ஷவர். எந்தக் கம்பெனி என்று பார்க்க நிமிர்ந்தான்.

கீக்கீக்.

பன்னிரண்டும் ஒரே நேரத்தில் ஊற்றின. நிமிர்ந்திருந்த வாய் நிறைய வாங்கிக்கொண்டு, சட்டை பேன்ட் பனியன் என்று எதையும் விட்டுவைக்காமல் நனைந்து, லொடுக்கு கவுன்டருக்கு வந்து நின்றான். அவனுக்குக் கீழே ஒரு சிறு குளம் உண்டாயிற்று.

“குரல் குடுக்கச் சொன்னேனே,” என்றார் கொக்கு.

“வாயில தண்ணிண்ணே. எந்த விசைன்னு மட்டும் சொல்லிட்டு, அதுலயிருந்து கைய எடுங்க.”

கொக்கின் விரல் விசைப்பலகையின் வலது ஓரத்தில் இருந்தது. அங்கே நாலு அம்புக்குறி விசைகள். கீழ் நோக்கிய அம்பின் மேல் விரல்.

லொடுக்கு அதைப் பார்த்தான். பி என்றால் ஷவர். கொக்கு பி-யின் பக்கமே போகவில்லை, ஷிப்டையும் தொடவில்லை. அம்புக்குறியைத் தொட்டார், இரண்டு கீக், அப்புறம் ஷவர். அவன் கை தானாக மேல் நோக்கிய அம்பை நோக்கி நகர்ந்தது. கொக்கு அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். குளத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் இன்று கொஞ்ச நேரமாவது சொந்தத் துணியில் இருக்கட்டும் என்றார்.

துண்டக்கா லொடுக்கின் துணிகளை ஒரு பெட்டிக்குள் தொங்கவிட்டு, அவனுக்கு இரண்டு பெரிய துண்டுகள் கொடுத்தாள். ஒன்றை இடுப்பிலும் ஒன்றைத் தோளிலும் போட்டுக்கொண்டு, தோற்றுப்போன ராஜா மாதிரி அவன் மருமகனைத் தேடிப் போய்க் கூட்டிவந்தான்.

மருமகன் வந்தான். ஒல்லியான ஆள், மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை ஒயரால் கட்டியிருந்தான். கீழ் அம்பு என்றதும் கேட்டுக்கொண்டிருந்தவன், கீக்கீக் என்றதும் வெளிறினான். தலையில் கை வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். அம்புக்குறி விசை மனிதர் பார்வைக்குத்தான் ஒன்று. அதைத் தொட்டால் கணிப்பொறிக்குள் மூன்று எழுத்துகள் அடுத்தடுத்துப் போகும். முதலாவது எஸ்கேப், இரண்டாவது ஓர் அடைப்புக்குறி, மூன்றாவதுதான் எந்த அம்பு என்று சொல்கிற எழுத்து. மேல் அம்புக்கு ஏ, கீழ் அம்புக்கு பி. இரண்டும் பெரிய எழுத்து. அவனுடைய ஸ்கிரிப்ட்டோ ஒரு தடவைக்கு ஒரே எழுத்து படிக்கும். மூன்றும் ஒரே அம்பு என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“அதாவது,” என்றான் லொடுக்கு, “கதவத் தட்டுனது ஒரு ஆளு. தொறந்தா உள்ள வந்தது மூணு பேரு. மொத ரெண்டு பேரும் யாருன்னே தெரியாதவனுங்க, கீக், கீக். மூணாவதா வந்தவரு ஏ. அவரை நமக்குத் தெரியுமே, வாங்கன்னு பொட்டியெல்லாம் தொறந்துடுச்சு.”

மருமகன் ஆமாம் என்றான். ஷிப்ட் வைத்துப் பாதுகாப்பாகத்தான் செய்திருந்தான். அம்பு ஷிப்ட் இல்லாமலே பெரிய எழுத்தைச் சுமந்துகொண்டு வரும் என்பதை யோசிக்கவில்லை. மாமாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

லொடுக்குக்கு வழக்கு முடிந்துவிட்டது. எழுதியவனே குற்றவாளி, அவனுக்குத்தானே விசைகளோடு விளையாடத் தெரியும். ஆனால் துண்டக்கா குறுக்கிட்டாள். நேற்று அந்த நேரத்தில் மருமகன் டைவிங் பலகையின் நுனியில் நின்றுகொண்டிருந்தானாம். குதிக்கப் பயம், திரும்பி இறங்க வெட்கம். அரை மணி நேரமாக அப்படியே நின்றதைக் குளமே பார்த்திருக்கிறது. பந்தயம் கட்டினவர்கள்கூட உண்டு. பெட்டிகள் வெடித்தபோது பலகை குலுங்கி, அவன் குதிக்காமலே விழுந்தான்.

“நல்ல டைவிங்னு ரெண்டு பேரு கை தட்டுனாங்க,” என்றான் மருமகன், அந்தத் துக்கத்திலும்.

கொக்கு ஒரு காலைத் தூக்கிவிட்டார். மூன்று சத்தத்துக்குக் கணக்கு வந்துவிட்டது. கடைசியில் தனியாகக் கேட்ட கீக் யாருடையது? தெரியாமல் கை பட்டதென்றால் அதற்கப்புறம் இன்னொரு விசையை யார் தொடப்போகிறார்கள்? மெனுவைப் பார்த்துத் தடுமாறுகிற புது ஆளாக இருந்தால் முதலில் கீழ் அம்பைத்தான் தொடுவான். மேலேயிருந்து கீழேதானே எல்லாரும் இறங்குவது. எடுத்த எடுப்பிலேயே மேல் அம்பு, அப்புறம் ஒரு விசை. அப்படித் தட்டுகிற பழக்கம் யாருக்கு இருக்கும் என்று கேட்டார்.

எங்களைப் போன்ற கணிப்பொறி ஆட்களுக்குத்தான் என்றான் மருமகன். கறுப்புத் திரையில் கடைசியாகக் கொடுத்த கட்டளை மறுபடி வரவேண்டுமென்றால் மேல் அம்பு. அதை ஓடவிட என்டர். ஒரு நாளைக்கு நூறு தடவை செய்வது. இந்த மெனுவில் என்டர் தட்டினால் கீக் என்றுதான் சொல்லும்.

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது, யாரும் எதையும் தொடாததால், கணிப்பொறித் திரை தானாகக் கறுத்தது. கரண்ட் போய்விட்டதா என்று லொடுக்கு கேட்டான். இல்லை, ஆளில்லாமல் சற்று நேரம் கிடந்தால் தூங்கிவிடும், உள்ளே மெனு ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்றாள் துண்டக்கா.

கொக்கு அந்தக் கறுப்புத் திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு மருமகனின் காதில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். மருமகன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்த இடத்தில் நாற்காலி இல்லை.

லொடுக்கு எவ்வளவோ கெஞ்சியும் அந்தக் கேள்வி என்னவென்று கொக்கு சொல்லவில்லை. சொன்னால் உன் முகமே கமிட்டிக்குச் சொல்லிவிடும் என்றார்.

சாயங்காலம் கமிட்டி கவுன்டர் முன்னாலேயே கூடியது. தலைவர் ஒரு பல் டாக்டரம்மா. யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். அவர் எதிரில் ஊரே உதட்டை மூடிக்கொண்டு பேசும். கூட இரண்டு உறுப்பினர்கள், தலையாட்ட. மூவரும் கைப்பைகளைப் பெட்டிகளில் பத்திரமாக வைத்துவிட்டு வந்து நின்றார்கள். குளத்தில் வழக்கமான கூட்டம். துண்டக்கா நெஞ்சு உயரத்துக்குத் துண்டுகளை அடுக்கி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள். வேலை போகப்போகிற நேரத்திலும் துண்டு கேட்டு வருகிறவரைக் காக்கவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. மேலே பம்ப் அறை மாடியிலிருந்து மகள் பாடம் ஒப்பிக்கிற சத்தம் கேட்டது. அதைக் கேட்கக் கேட்க மேனேஜரின் குரல் தடுமாறியது. இருந்தாலும் கடிதத்தைக் கடைசி வரை படித்துவிட்டார். கீழே கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது. டாக்டரம்மா பேனாவைத் திறந்தார்.

கொக்கு மெதுவாக முன்னால் வந்தார்.

“கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி மெனுவ ஒரு தடவ பார்த்துடுங்கம்மா. ஆனா ஸ்கிரீன் கறுப்பா இருக்கே. யாராச்சும் போட்டு விடுறீங்களா?”

திரை கறுப்பாகத்தான் இருந்தது. துண்டக்கா ஓர் அடி எடுத்து வைத்தாள்.

“நீ தொடாத,” என்றார் மேனேஜர். “தினம் காலையில நான்தானே போடுறேன். தள்ளு.”

சட்டைக் கையை மடித்துக்கொண்டு கவுன்டருக்குள் போனார். கமிட்டியைப் பார்த்து, இதொன்றும் பெரிய வித்தை இல்லை, மாப்பிள்ளை சொல்லிக்கொடுத்தது, இரண்டே விசைதான் என்று அடக்கமாகச் சொன்னார். ஆள்காட்டி விரலை, மணி அடிக்கப்போகிறவர் போல உயர்த்தினார். மேல் அம்பு.

கீக்கீக். படார்.

என்டர்.

கீக்.

அறுபது கதவும் அறைந்து திறந்தன. தடுப்புக்கு மேலே சட்டைகள் பறவைக் கூட்டம் போல எழுந்து, ஒரு வட்டமடித்து இறங்கின. யாருடைய பெல்ட்டோ வந்து ஓர் உறுப்பினரின் இடுப்பைச் சுற்றிச் சரியான ஓட்டையில் மாட்டிக்கொண்டது. டாக்டரம்மாவின் கைப்பை வெளியே பாய்ந்து, நடுவானில் வாய் பிளந்து, மாதிரிக்காக வைத்திருந்த பல்செட் ஒன்றை உமிழ்ந்தது. அது தரையில் சறுக்கி வந்து, மேனேஜரின் ஷூ முனையைக் கவ்விக்கொண்டு நின்றது. லொடுக்கின் ஈரப் பேன்ட் பறந்து வந்து அவன் தோளிலேயே விழுந்தது. நாய்க்குட்டி கூட அவ்வளவு விசுவாசமாக வந்ததில்லை. குளத்துப் பக்கமிருந்து, இன்னிக்குமா என்று ஒரு குரல் கேட்டது. வக்கீலின் குரல். ராசியான டவுசரோடு அவர் முன்னெச்சரிக்கையாகத் தண்ணீரில் இறங்கியிருந்தார்.

மேனேஜர் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

“பார்த்தீங்களாம்மா?” என்றார், துண்டக்காவைக் காட்டி. “உங்க கண்ணு முன்னாடியே மறுபடியும் அமுக்கிட்டா.”

துண்டக்காவின் இரண்டு கையிலும் முகவாய் வரைக்கும் துண்டு. பல்செட் இன்னும் ஷூவை விடாமல் பிடித்திருந்தது. டாக்டரம்மா துண்டுகளைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், கடைசியில் மேனேஜரின் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். அது இன்னும் என்டரின் மேலேயே இருந்தது.

கொக்கு எல்லாவற்றையும் நிதானமாக விளக்கினார். தினம் காலையில் மெனுவைப் போடுவது யார் என்பதுதான் அவர் மருமகனின் காதில் கேட்ட கேள்வி. காலையில் மெனு ஓடாதபோது அந்த இரண்டு விசையும் மெனுவை எழுப்பும். மெனு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போது அதே இரண்டு விசை பெட்டிகளை வெடிக்க வைக்கும். இரண்டு நேரத்திலும் திரை ஒரே கறுப்புதான். நேற்று மத்தியானம் கவுன்டரைத் தாண்டிப் போனவர், ஆளில்லாமல் மிஷின் அணைந்து கிடக்கிறதே என்று நல்ல எண்ணத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

“நான் ஏ-வத் தொடவே இல்லையே,” என்றார் மேனேஜர். குரல் குழந்தைக் குரலாகியிருந்தது. சாவிக்கொத்தை எடுத்து ஏ-வைப் பார்த்தார். அது அங்கேதான் இருந்தது.

“தொடல. அதனாலதான் உங்க சத்தியம் பொய்யில்ல,” என்றார் கொக்கு. “மிஷினப் போட்டீங்களான்னு நான் கேட்டிருக்கணும். தினமும் செய்யறத யாரும் தானாச் சொல்ல மாட்டாங்க. நேத்து என்ன பண்ணுனீங்கன்னு கேட்டா, பல்லு வெளக்குனேன்னு எவன் சொல்றான்?”

“வெளக்குனாத்தானே சொல்றதுக்கு,” என்றார் டாக்டரம்மா, மேனேஜரின் வாயைப் பார்த்துக்கொண்டு.

லொடுக்கு ஏதோ சொல்ல வந்தான். இடுப்புத் துண்டு நழுவப் பார்த்ததால் இரண்டு கையும் வாயும் அந்த வேலையில் இறங்கிவிட்டன.

டாக்டரம்மா கடிதத்தை வாங்கி, குறுக்கே ஒரு கோடு போட்டார். காலையில் மெனுவைப் போடுகிற வேலை இனிமேல் துண்டக்காவுடையது என்றும், மேனேஜரின் ஆள்காட்டி விரல் கவுன்டருக்கு உள்ளே வரக்கூடாது என்றும், மற்ற விரல்களைப் பற்றி அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்றும் தீர்மானமாயிற்று. உறுப்பினர்கள் தலையாட்டினார்கள், ஒருவர் இன்னும் அந்தப் பெல்ட்டோடுதான் இருந்தார். மருமகன் மூன்று எழுத்தையும் சேர்த்துப் படித்து, அம்பு என்றால் ஒதுக்கித் தள்ளுகிற மாதிரி ஸ்கிரிப்ட்டைத் திருத்தித் தருவதாக வாக்குக் கொடுத்தான். மாமா முகத்தை அவன் பார்க்கவில்லை. மாமாவும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இருவரும் பல்செட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

மேனேஜருக்கு நெற்றி, கழுத்து, காது மடல் எல்லாம் வியர்த்து ஊற்றியது. துண்டக்கா அடுக்கைக் கவுன்டரில் இறக்கி வைத்தாள். மேலே மகள் ஒப்பித்துக்கொண்டிருந்த பாடத்தில் ஒரு வரியை மறந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். துண்டக்கா அதைக் காதில் வாங்கிக்கொண்டே, அடுக்கின் மேலிருந்த துண்டை எடுத்து மேனேஜரிடம் நீட்டினாள்.

“தொடச்சுக்கங்க சார். குளிக்க வந்தவங்க எல்லாரும் துணிய எடுத்துக்கிட்டுப் போனப்புறம், ரெண்டு பேருமா கூட்டிப் பெருக்கிடலாம்.”

ஆணையிட்டுத் தொடங்கியபடியால் இதையும் சொல்லிவிட வேண்டும்: அந்த வருடம் முழுக்க அந்தக் குளத்தில் டைல்ஸ் மாற்றுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.